முகம் திருப்பிய சூரியன்

“தெற்கு பார்த்துதானேடா வச்சே?”

காலையிலிருந்து இதையே கேட்டுக் கேட்டு அக்காவின் தொண்டை கட்டிவிட்டது. கணினித் திரையில், ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற தம்பி அழாக்குறையாகச் சொன்னான்.

“சத்தியமா தெற்குதான்க்கா. எனக்கே சந்தேகம் வந்து திசைகாட்டி வச்சுப் பார்த்தேன். அப்புறம் திசைகாட்டி மேலயே சந்தேகம் வந்து, வேற ஒண்ணு வாங்கி அதையும் வச்சுப் பார்த்தேன்.”

“செய்வே. நீ செய்யக்கூடியவன்தான்,” என்றார் அக்காவின் கணவர், மேஜை விசிறியைத் தன் பக்கம் திருப்பியபடி. “இங்க நாங்க அவிஞ்சு போறோம். உனக்கு ஸ்வெட்டர் கேக்குதா மச்சான்?”

“இங்க குளிர்காலம் மாமா. ஆனா வெயில் பளிச்சுன்னுதான் இருக்கு. அதான் ஒண்ணும் புரியலை.”

மாடியில் குடித்தனம், கீழே பட்டறை. சோலார் பேனல் செய்யும் பட்டறை. மேகம் மூடிய நாளிலும் கரண்டு கொடுக்கும் பேனல் என்று அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. என்ன பெருமை இருந்து என்ன? ஊரில் உள்ள மொட்டை மாடியிலெல்லாம் ஒரு பெரிய கம்பெனியின் பேனல் வந்து உட்கார்ந்துவிட்டது. கடல் தாண்டிப் போனால்தான் பிழைப்பு என்று முடிவெடுத்த அக்கா, மாலை வகுப்பில் வெளிநாட்டு மொழி படித்துக்கொண்டிருந்த தம்பியை அந்த நாட்டுக்கே விமானம் ஏற்றிவிட்டாள்.

அங்கே கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சோலார் போடப்போகிறார்கள். பொறுப்பு ஒரு டாக்டரம்மாவிடம். அவர் ஒரு கட்டடத்தின் கூரையை அக்காவுக்கும், ஊரின் மறுகோடியில் இன்னொன்றை அதே பெரிய கம்பெனிக்கும் கொடுத்து, “ஒருத்தர் பக்கம் ஒருத்தர் எட்டிப் பார்க்கக் கூடாது. எது நல்லா உழைக்குதுன்னு நானே பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

இன்று முடிவு சொல்லும் நாள். ஆர்டர் கைநழுவினால் பட்டறையைப் பூட்டிவிட்டு, அந்தப் பெரிய கம்பெனிக்கே ஏஜென்டாகிவிடுவது என்று கணவனும் மனைவியும் பேசி முடித்திருந்தார்கள். பேசியது அவர். அரைமனதாகத் தலையாட்டியது அவள்.

“நல்லாத் துடைச்சியா?”

“என் மூக்குக் கண்ணாடியைக்கூட இப்படித் துடைச்சதில்லக்கா.”

“பக்கத்துல மரம் கிரம்?”

“ஒரு செடிகூட இல்ல.”

“காக்கா குருவி?”

“ஒரு புறா வந்துச்சு. விரட்டிட்டேன். பாவமாப் போச்சு.”

“பின்னே ஏன்டா நம்ம ஊர்ல தர்றதுல பாதிகூடத் தரமாட்டேங்குது?”

“அதான் தெரியலை. உச்சி வெயில்லகூட பேனலைத் தொட்டா சில்லுனு இருக்கு.”

“சூரியனுக்கே உன் தம்பியைப் பிடிக்கலை போல,” என்றார் கணவர். “மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார்.”

“உங்க நக்கலை மூட்டை கட்டி வைங்க!”

அக்கா சுவரைப் பார்த்தாள். பட்டறை தொடங்கிய அன்று அவள் கையாலேயே எழுதிய கொட்டை எழுத்து: ‘முகம் தெற்கு!’ வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் பாடம் அதுதான். தம்பிக்கும் அதுதான். அதில் ஒருநாளும் யாரும் தவறியதில்லை. அப்படியென்றால் கோளாறு பேனலில்தான். தன் பேனலில்.

“அக்கா, டாக்டரம்மா வந்துட்டாங்க!”

திரையில் கைத்தூசியைத் தட்டிக்கொண்டே ஒரு குள்ளமான அம்மாள் வந்து நின்றார். படபடவென்று பேசினார். தம்பி திக்கித் திணறித் தமிழில் சொன்னான்.

“வணக்கம் சொல்றாங்க. அப்புறம்... அந்தக் கம்பெனி பேனல்தான் நம்மளைவிடக் கொஞ்சம் கூடுதலாக் கரண்டு குடுத்திருக்காம்.”

அக்கா மேஜைமேல் கிடந்த பட்டறைச் சாவியை எடுத்து, கணவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை.

“விடும்மா,” என்றார், கேலியெல்லாம் போன குரலில். “நம்மளால ஆனதைப் பார்த்தாச்சு.”

திரையில் அந்த அம்மாள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பேசப் பேச அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்பியின் முகமோ பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

“என்னடா, தோத்தவங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்களா?”

“இல்லக்கா... ஆர்டர் நமக்குத்தானாம்.”

“என்னது?”

“மொத்த ஆஸ்பத்திரிக்கும் நம்மளோடதுதானாம்.”

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “இரக்கப்பட்டுக் குடுக்கறதா இருந்தா வேண்டாம்னு சொல்லுடா. கூடுதலாக் குடுத்தவனை விட்டுட்டு நமக்கு எதுக்கு?”

தம்பி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்தக் குளிரிலும் அவனுக்கு வேர்த்திருந்தது.

“மாமா, சூரியன் மூஞ்சியைத் திருப்பலை, நாமதான் திருப்பிட்டோம்... இது பூமியோட கீழ்ப்பாதியாம், இங்க சூரியன் வடக்குப் பக்கமாத்தான் போகுமாம். அவங்க இப்பதான் கூரைமேல ஏறிப் பார்த்திருக்காங்க. ‘சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே இவ்வளவு குடுக்குதே, திருப்பி வச்சா எவ்வளவு குடுக்கும்?’னு கேக்கறாங்கக்கா!”