முப்பத்தைந்தா, இருபத்தெட்டா

படம் பிடிக்க வந்த தில்லைநாதன் கமெராவோடு குசினி வாசலில் முதுகை முட்டக் கொடுத்துக்கொண்டு நின்றான். இனிப் பின்னால் போவதென்றால் அடுப்புக்குள்தான் போய் இருக்க வேண்டும்.

எதிரே முன்னறையில் லலிதாம்பிகை, மாம்பழ நிறச் சேலையில். சாதகம் பொருந்திவிட்டது, படம் ஒன்றுதான் பாக்கி. அது ஜேர்மனிக்குப் போய், அங்கே இருக்கும் மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டால், ஆவணிக்குள் அவளும் பிளேன் ஏறிவிடுவாள்.

"படத்தில பிள்ளை மட்டும் விழுந்தால் காணாது, தம்பி. அலுமாரி, ஷோகேஸ், தையல் மெஷின் எல்லாம் விழவேணும். ஒண்டுமில்லாத சனமெண்டு அவை நினைக்கப்படாது," என்றாள் தாய் பரிமளம்.

அவளைக் குறை சொல்ல முடியாது. உள்ளூர் மாப்பிள்ளை என்றால் ஆட்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஜேர்மனிக்காரன் எப்படிப் பார்ப்பான்? வீடே படத்துக்குள் ஏறிப் போனால்தான் உண்டு.

அதற்கு அகல லென்ஸ் வேண்டும். நல்லவேளையாக, மொஸ்கோவில் படித்துவிட்டு வந்த மச்சான் தில்லைநாதனின் ரஷ்யக் கமெராவுக்கு இரண்டு கொண்டுவந்திருந்தான். விரும்பிய ஒன்றை வைத்துக்கொள், மற்றது நாளைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சிநேகிதனுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

முப்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டால் அறை முக்கால்வாசி வரும், ஆள் ஆளாகவே இருக்கும். இருபத்தெட்டு போட்டால் அறை முழுக்க வரும். ஆனால் படத்தின் கரையில் நிற்கிற ஆளை இழுத்துப் பூசணிக்காய் ஆக்கிவிடும்.

இதையெல்லாம் அவன் வாய் நோகச் சொன்னான். பரிமளத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கமெராவின் சின்னக் கண்ணாடியால் பார்க்கக் கொடுத்தான். எந்த லென்ஸைப் பூட்டினாலும் அதற்குள் ஒரே காட்சிதான். அந்தக் கமெராவின் குணம் அப்படி. என்ன விழுந்தது என்பது பிலிமைக் கழுவினால்தான் தெரியும்.

உமக்குச் சரியென்று பட்டதைப் போடும் என்று சொல்லிவிட்டு, அவள் மெஷினுக்குப் போட விரிப்புத் தேடி உள்ளே போனாள்.

அவனுக்குச் சரியென்று பட்டதா? நல்ல கேள்வி.

லலிதாம்பிகை பஸ்ஸுக்கு வந்து நிற்கிற நேரம் பார்த்துத்தான் அவன் ஸ்ரூடியோவைத் திறப்பது. பக்கத்துத் தேத்தண்ணிக்கடைக்காரருக்குக்கூட அது தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவி.

இருபத்தெட்டைப் பூட்டி அவளைக் கரையில் நிறுத்தினால் போதும். ஜேர்மனிக்காரன் படத்தைப் பார்த்துவிட்டு மூச்சுக் காட்டமாட்டான். ஒரு குருவிக்கும் விஷயம் தெரியவராது. பாழாய்ப்போன மனசு அதைத்தான் கேட்டது.

ஆனால் புங்குடுதீவில் எத்தனை பெண்களின் படம் அவன் கையால் கடல் கடந்து போயிருக்கிறது. ஒருத்தியையும் அவன் குறைத்து எடுத்ததில்லை. மனசுக்குப் பிடித்த ஒருத்திக்கு மட்டும் அந்த அநியாயத்தைச் செய்வதா? அவளுக்கும் போக ஆசை இருக்கும்தானே.

முப்பத்தைந்தை எடுத்துத் திருகிப் பூட்டினான். அறை நடுவே நிற்கச் சொல்லி அவளுக்குக் கையைக் காட்டினான்.

லலிதாம்பிகை அங்கே நிற்கவில்லை. நேரே அவனிடம் வந்து, மேசையில் கிடந்த இருபத்தெட்டை எடுத்து நீட்டினாள்.

வீடு முழுக்க விழ வேண்டும் என்ற தாயின் ஆசைக்காகத்தான் கேட்கிறாள் என்று அவன் நினைத்தான். இதில் நீர் வடிவாக விழமாட்டீர் என்று சொல்ல வாயெடுத்தான்.

அவள் தாய் உள்ளே போன அறை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நீங்கள் அம்மாவுக்குச் சொன்னது எனக்கு வடிவா விளங்கினது. இதைப் பூட்டுங்கோ, நான் கரையில நிக்கிறன்."

பூட்டிய லென்ஸைக் கழற்ற அவனுக்குக் கை ஓடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.