ஆறாவது விரல்

"எவன்டா அவன்? லிஃப்ட் கம்பி பிஞ்சு கிடக்குன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்தவன் எவன்? முன்னால வாடா!"

முதலாளி போட்ட சத்தத்தில் டைல்ஸ் கிடங்கே கிடுகிடுத்தது. ஆம்புலன்ஸ் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டாவது மாடியிலிருந்து அறுந்து விழுந்த சரக்கு லிஃப்ட், மிதிபட்ட தகர டப்பா மாதிரி நசுங்கிக் கிடந்தது.

மெக்கானிக் கம்பியின் நுனியைத் தூக்கிக் காட்டினார்.

"இது இன்னிக்கு அறுந்தது இல்லைங்க. கூரை ஒழுகி, தண்ணி சொட்டிச் சொட்டித் துருப்பிடிச்சு, ரெண்டு மாசமா இழை இழையா விட்டிருக்கு. தினம் ஏறி இறங்குறவன் கண்ணுல படாம இருக்காது."

"தினம் ஏறுனது யாரு?"

சூப்பர்வைசர் முன்னால் வந்தார். "சரித்திரம்தான், முதலாளி. ரெண்டு மாசமா வேற யாரையும் ஏற விடல. தன் பேருக்குப் பட்டா போட்ட மாதிரி சாவியை இடுப்புலயே சொருகிக்கிட்டுத் திரிஞ்சான். பத்துப் பெட்டி ஏத்துற இடத்துல நாலுதான் ஏத்துவான். சோம்பேறித்தனம்னு நெனச்சேன்."

"ஆக, அவனுக்குத் தெரியும்! தெரிஞ்சுக்கிட்டே கல்லுளிமங்கன் மாதிரி இருந்திருக்கான்!"

சரித்திரம் என்பது இப்போது ஆம்புலன்ஸில் போன தொழிலாளிக்குக் கிடங்கு வைத்த பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் ஆதியிலிருந்துதான் ஆரம்பிப்பார். "குடை எங்கேப்பா?" என்று கேட்டால், குடை வாங்கப் போன பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததிலிருந்து தொடங்குவார்.

முதலாளிக்கு இது ஆகவே ஆகாது. தலையில் கூடை சுமந்து, வீடு வீடாகப் பாத்திரம் விற்று மேலே வந்த மனுஷர். எதிராளி கதவைச் சாத்துவதற்குள் பேசி முடித்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு என்று பட்டுத் தெரிந்துகொண்டவர். அதனால் கிடங்கில் ஒரு சட்டம் வைத்திருந்தார். யார் என்ன சொல்ல வந்தாலும் ஒவ்வொரு விரலாக மடக்குவார். ஐந்தும் மடங்குவதற்குள் விஷயத்துக்கு வராதவன் வெளியே போக வேண்டியதுதான். அவரைப் பார்த்துச் சூப்பர்வைசரும் விரல் மடக்கப் பழகியிருந்தார்.

"உங்க ரூமுக்கு நாலஞ்சு தடவை வந்தானே, முதலாளி..."

"வந்தான், வந்தான்! 'அன்னைக்கு ஒரு மழை பெஞ்சுதுல்ல முதலாளி'ன்னு மழைக்கதை அளக்க வந்தான்..."

பேச்சு பாதியில் நின்றது. மெக்கானிக்கின் கையிலிருந்த துருக்கம்பியை முதலாளி ஒரு கணம் பார்த்தார். பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"விஷயத்தை நேரா சொல்ல அவனுக்கு என்ன கேடு? அவன் வாயாலேயே கேக்குறேன்!"

ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

டாக்டர் நடந்துகொண்டே சொன்னார். "உயிர் இருக்கு. முதுகெலும்பு போச்சு. தலையில பலமான அடி. பேச்சு திரும்பும்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

அவர் சொல்லி முடிக்க மூன்று விரல்கூட ஆகவில்லை.

வெளியே பெஞ்சில் சரித்திரத்தின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒற்றைச் செருப்பும் லிஃப்ட் சாவியும். முதலாளியை இதற்கு முன் பார்த்ததில்லை. சட்டையெல்லாம் டைல்ஸ் தூசியோடு வந்து நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க அவர்கூட வேலை பாக்குறவராண்ணே?"

"அம்மா, நான்..."

"இருங்கண்ணே, சுருக்கமா சொல்லிடுறேன். கம்பி விஷயம் இவருக்குத் தெரியும்ணே. அங்க விரல் மடக்குறவர் ஒருத்தர் இருக்காராமே? யாருன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. 'பெரிய மனுஷர், குறை சொல்லக் கூடாது'ம்பாரு. அவர்கிட்ட அஞ்சு விரலுக்குள்ள சொல்லணுமாம். இவருக்கு அது வராதுண்ணே. சுபாவம் அப்படி. அடியிலேர்ந்து சொன்னாத்தான் நுனி வரும்."

முதலாளி வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"தினம் காலையில என்னை எதிர்ல உக்கார வெச்சு ஒத்திகை பாப்பாரு. நான் விரல் மடக்குவேன், இவர் சொல்லுவாரு. மழைன்னு ஆரம்பிச்சு கூரைக்கு வர்றதுக்குள்ள எனக்கு ஒரு கை முடிஞ்சிடும். ரெண்டு மாசம்ணே! இருபது விரல், பதினஞ்சு, பத்துன்னு கொறைச்சுக்கிட்டே வந்தாரு. அதுவரைக்கும் வேற யாரும் ஏறிடக் கூடாதுன்னு சாவியை வீட்டுக்கே கொண்டாந்திடுவாரு. 'நான் ஒத்தை ஆளு, நாலே பெட்டி, கம்பி தாங்கும்'பாரு."

மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னிக்குக் காலையில ஆறே விரல்ல முடிச்சாருண்ணே. சின்னப் புள்ள மாதிரி சிரிச்சாரு. 'இன்னும் ஒரு விரல்தான், நாளைக்குச் சொல்லிடுவேன்'னு சொல்லிட்டுப் போனாரு."

முதலாளி சொல்ல வேண்டியது 'நான்தான்' என்ற ஒரே சொல். ஒரு விரல்கூட மடக்க வேண்டாத சொல். வெளியே வரவில்லை.

அவள் சாவியை நீட்டினாள். வாங்குவதற்கு அவர் அந்தக் கையை வெளியே எடுத்து விரிக்க வேண்டியிருந்தது.

"இதை அந்த விரல்காரர்கிட்டக் குடுத்திடுங்கண்ணே. முதல்ல அந்தக் கூரை ஓட்டையை அடைக்கச் சொல்லுங்க. அப்புறம் இங்க வரச் சொல்லுங்க. இவருக்கு எதிர்ல உக்காந்து, கையை விரிச்சு வெச்சுக்கிட்டு, இவர் அந்த மழையிலேர்ந்து ஆரம்பிச்சு முடிக்கிற வரைக்கும், எத்தனை வருஷமானாலும் சரி, முழுசா ஒரே ஒரு தடவை கேக்கச் சொல்லுங்க!"