உருகாத கம்பி

புது ஏசி மாட்டிய மறுநாளே சுவரிலிருந்த மெயின் போர்டு தோசைக்கல் மாதிரி சுட்டது. எலக்ட்ரீஷியன் மாசிலாமணி ஃபியூஸ் கட்டையை உருவிப் பார்த்தார். "எந்தப் புண்ணியவான் இவ்ளோ தடிச்ச செம்புக் கம்பியைச் சுத்தினது?"

"நான்தான்," என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக. "பதினோரு வருஷமா ஒரு தடவைகூட ஃபியூஸ் போனதில்ல."

"போகணும் சார். கம்பி உருகலேன்னா வீடுதான் எரியும். போர்டு, ஒயரிங் எல்லாம் மாத்த நாப்பத்திரண்டாயிரம் ஆகும்."

"பிரசவமான பொண்ணு நாளைக்கு வர்றா. பேத்திக்குப் பேர் வச்சப்புறம் பார்க்கலாம்," என்றார் இவர்.

மாசிலாமணி மெல்லிய கம்பியைச் சுற்றிவிட்டு, ஏசியைத் தொடவே கூடாது என்று சொல்லிப் போனார்.

மறுநாள் மதியம் மகள் குழந்தையோடு வந்ததும் இவர் ஏசியைப் போட்டார். பட்டென்று ஃபியூஸ் போனது; ஃபேனும் நின்றது. குழந்தை வேர்த்து அழுதது.

"இருடா கண்ணு, தாத்தா செம்புக் கம்பி வாங்கிட்டு ஓடி வர்றேன்." செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

நான் ஃபியூஸ் கட்டையை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"என்னம்மா பண்ற? புள்ள வேகுது!" என்றாள் மகள்.

முந்தானையால் விசிறினேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.