ஒனோரா வீட்டுப் புகை

மழை விட்ட மேயோ மலைச்சரிவில் வெயில் துண்டு துண்டாக ஓடுகிறது. பள்ளங்களில் தேங்கிய நீர் ஒரு கணம் ஊதா, மறுகணம் ஈயம். கல்சுவரோரம் நின்று ஓவியர் லோர்கன் அவசரமாக வரைகிறார். இந்த வெளிச்சம் யாருக்காகவும் நிற்காது. கண்ணில் படாத எதையும் வரையமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தே கிழவராகிவிட்டவர். கோடைதோறும் இங்கே வருகிறார். டப்ளினில் தொங்கும் அவர் படங்களில் எல்லாம் எதிரே இருக்கும் ஒனோராவின் கூரைவீடு இருக்கிறது. ஈர வண்ணத்தில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு துடிக்கிறது. பழகிய கை, நிமிர்ந்து பாராமலே, கூரைக்கு மேல் சாம்பல்நீலத்தில் ஓர் இழுப்பு இழுக்கிறது. படத்தில் புகை எழுகிறது.

அமெரிக்கக் கப்பலுக்கென்று வாங்கிய கோட்டுடன் ஒனோரா தணல் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அவள் பாட்டன் காலத்திலிருந்து அணையாத அடுப்பின் தணல். "இந்தாக்கா, உன் அடுப்புல போட்டுக்க" என்று பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் நீட்டுகிறாள். பிறகு படத்தை எட்டிப் பார்க்கிறாள். "என்ன படக்காரரே, கண்ணு மங்கிப்போச்சா? புகை ஏது அங்க? அடுப்பைத்தான் அள்ளிட்டு வந்துட்டேனே!" சிரிக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. லோர்கன் நிமிர்கிறார். வண்ணம் சுரண்டும் கத்தியை எடுக்கிறார். "வேணாம். இருந்துட்டுப் போகட்டும்" என்கிறாள். வண்டிக்காரன் கூப்பிடுகிறான். வண்டி திருப்பத்தில் மறைந்த பின்னும் கத்தி அவர் கையிலேயே இருக்கிறது. வாளியின் சூடு என் பாவாடையில் ஏறுகிறது. லோர்கன் வெறும் புகைக்கூண்டைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார். கத்தியைத் துடைத்து வண்ணப்பெட்டிக்குள் வைக்கிறார். எப்போதும் மூலையில் போடும் சிவப்புக் கையெழுத்தைப் போடாமலே பெட்டியை மூடுகிறார்.