படைக்கு இரண்டு தலை

“அதனாலதான் சொல்றேன் அபர்ணா, சீன ராணுவத்துல ஒவ்வொரு படைக்கும் ரெண்டு தலை. தளபதி உத்தரவு போடுவார். அரசியல் அதிகாரி வீரர்களோட நல்லது கெட்டதைக் கேட்டு, எல்லாரையும் கைக்குள்ள வச்சிருப்பார்.”

நியூசிலாந்தின் பாட்டனி டவுன்ஸில், பக்கத்து வீட்டில் வசிக்கும் தன் மகளைப் பார்க்கச் சீனாவிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஜெனரல் லியூ வேலியோரம் நின்று சொன்ன கதை இது. கேட்ட நாள்முதல் மதன்குமாருக்குக் கால் தரையில் பாவவில்லை; மனைவியிடம் அதே பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத் தேர்தல். தலைவர் நாற்காலி கைநழுவினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

“நான் தளபதி, நீ அரசியல் அதிகாரி. வீடு வீடாப் போனியா?”

“போனேங்க. பிள்ளை பெத்தவங்களுக்குப் பத்தியச் சாப்பாடு குடுத்தேன். விசா சிக்கல்னு அழுதவங்களை வக்கீல்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்.”

“சபாஷ்! எல்லாரும் என்ன சொல்றாங்க?”

“போட்டிக்கு இன்னொருத்தர் நிக்கணுமாம். அவங்கதான் ஜெயிப்பாங்களாம்.”

மதன்குமார் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினான். “இரு, தளபதியா இருந்தப்ப எதிரியை எப்படிச் சமாளிச்சார்னு லியூகிட்டயே கேட்டுட்டு வர்றேன்.”

“அவர் தளபதியாவே இருந்ததில்லைங்க. கடைசிவரை அரசியல் அதிகாரிதான். அப்படியேதான் ஜெனரல் ஆனாராம்.”

செருப்பில் நுழைந்த கால் அப்படியே நின்றது.

“சரி, எதிர்த்து நிக்கிறது யாரு?”

அபர்ணா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“என்னங்க, ஞாயித்துக்கிழமை மேடையில என் பேரை நீங்களே முன்மொழியுறீங்களா?”