ஊது, பார்க்கலாம்

“மக்கா, உள்ளதச் சொல்லு. வீட்டுக்குள்ள சிகரெட் குடிச்சியா?”

சோபாவில் படுத்திருந்த செல்வசிங் எழுந்து உட்கார்ந்தான். “அத விட்டு வருசக்கணக்காச்சுடே.”

“அப்ப ஊது.”

ஊதினான். ரிஜோ கிட்டப் போய் முகர்ந்தான். பூண்டு ஊறுகாய்தான் மணத்தது.

போன வாரம், வளைகுடாவில் ரிஜோ குடியிருக்கும் அல் குசைஸில், பின்தெருவில் ஒரு குடோன் பற்றி எரிந்தது. அந்தப் புகை நாற்றம் ரிஜோவின் ஃபிளாட்டில் லேசாக ஒட்டிக்கொண்டது. ஊருக்குப் போயிருந்த மனைவி ஷாஜினி, வீசிங் உள்ள மகள் ரினியோடு வெள்ளிக்கிழமை வருகிறாள். “வீட்டுல புகை மணம் இருந்தா, பிள்ளையத் தூக்கிட்டு அடுத்த ஃபிளைட்லயே திரும்பிருவேன்” என்று போனில் சொல்லிவிட்டாள்.

பயந்துபோய், ஃபாரூக் பாய் கடையில் ஆஃபரில் ஓர் ஏர் ப்யூரிஃபையர் வாங்கினான்.

அதைப் போட்ட பிறகு நாற்றம் கூடியது.

“ஜன்னல மூடிட்டு ஹைல வைங்க தம்பி” என்றார் பாய் போனில்.

ஜன்னலை மூடி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, ஹையில் வைத்தான். கண் எரிந்தது. திரைச்சீலைகளைத் துவைத்தான். மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதைக்கூட நிறுத்தினான். வீட்டில் சந்தேகப்பட மிச்சம் இருந்தது, மனைவி வரும்வரை துணைக்குத் தங்கியிருந்த நண்பன் மட்டும்தான். ஊதிக் காட்டிய பிறகும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

“நீ ஒங்க லேபர் கேம்ப்புக்கே போயிருடே. பிள்ளைக்காகத்தான் சொல்லுதேன்.”

“இவ்வளவு நாளும் ஒனக்கு மீன்கொழம்பு வச்சுப் போட்டேன். கடைசில நான்தான் நாத்தமா?”

செல்வசிங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் போனான்.

நாற்றம் மட்டும் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ரிஜோ பாயை வீட்டுக்கே வரவழைத்தான்.

ஃபாரூக் பாய் குனிந்து மெஷினில் மூக்கை வைத்தார். சுவிட்சை அணைத்தார். டேப்பைப் பிய்த்து ஜன்னலைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் அறையில் வெறும் சூடான காற்றுதான் இருந்தது.

“என்ன பாய், மெஷின நிறுத்தினா மணம் போகுது?”

பாய் தலையைச் சொறிந்தார். “பாதி விலைக்குத் தாரப்பவே ஏன்னு கேப்பீங்கன்னு பாத்தேன் தம்பி. அன்னிக்கு எரிஞ்சது நம்ம குடோன்தான். இது அங்க இருந்து தப்பிச்ச பீஸு.”