சேவ் ஆகாத செட்டிங்ஸ்

“அம்மாடி, கேம் சர்வரை ஆன் பண்ணா, போன வாரம் நீ வெச்சுக் கொடுத்த செட்டிங்ஸ் எல்லாம் மறுபடியும் காணோம்மா!”

“சேவ் பட்டனை அமுக்குனீங்களாப்பா?”

“அமுக்குனேனே! கூட ஆடுறவங்க கிண்டல் பண்றாங்க. உனக்கும் வாராவாரம் தொந்தரவு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. முதல்ல, சாப்பிட்டீங்களா?”

வெகுநேரம் பேசியபடியே, தன் ஒற்றை அறையிலிருந்து எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தாள் மகள். போனை வைத்ததும், அவளைப் பார்க்க வந்திருந்த அலுவலகத் தோழி திரையை எட்டிப் பார்த்தாள்.

“அப்பா கேமுக்கான இந்த ப்ளக்இன் புரோகிராம் நீ எழுதினதுதானே? செட்டிங்ஸை ஃபைல்ல சேமிக்கவே இல்லையேடி! கோட்ல ஒரு வரி சேர்த்தா போதும். பாவம், அப்பா.”

“அந்த வரி இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்.”

“ஏன்டி?”

மகள் மடிக்கணினியை மூடினாள்.

“அது இருந்த வரைக்கும் அப்பா போனே பண்ணலடி.”